தெரியாது என்று சொல்லவும் கோப்பு வேண்டும்: கொடைக்கானல் பாதரச ஆலை, ஒரு நிகழ்வு ஆய்வு

2001 மார்ச் 7. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடை முன்னால் நூற்றுக்கணக்கானோர் திரண்டு நின்றார்கள். உள்ளே கிழிந்த சாக்குகளிலிருந்து கண்ணாடி உடைசல் தரையில் சரிந்து கிடந்தது. பாட்டில் உடைசல் அல்ல, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரின் உடைசல். அதில் பாதரசம் இன்னும் மிச்சமிருந்தது. சரக்கு வெகு தூரத்திலிருந்து வரவில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி, செயின்ட் மேரீஸ் ரோட்டில், பாம்பார் சோலையை ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து வந்தது. மறுநாள் ஆலையில் வேலை நின்றது. பிறகு திறக்கவே இல்லை.

ஆலையை அப்போது நடத்தியது இந்துஸ்தான் லீவர், இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர். நிறுவனம் கொடுத்த விளக்கம் இது: பாதரசம் 0.15 சதவீதம் மிச்சமிருந்த 5.3 டன் கண்ணாடி உடைசல், நிறுவனம் வகுத்திருந்த நடைமுறைக்கு மாறாக, பழைய பொருள் வியாபாரிக்கு விற்கப்பட்டுவிட்டது. போராடியவர்கள் சொன்ன எடை 7.4 டன்.

இந்த விளக்கத்தில் ‘சட்டம் தெரியாது’ என்ற சொல் எங்கும் இல்லை. பெரிய கம்பெனிகள் அப்படி வாய்விட்டுச் சொல்வதில்லை, வக்கீல் சொல்லவிட மாட்டார். அதற்குப் பதிலாக அதன் பங்காளிகள் வருவார்கள்: ‘நடைமுறையை மீறி நடந்துவிட்டது’, ‘மேலிடத்துக்குத் தெரியாது’, ‘ஆலை தொடங்கியபோது அந்தச் சட்டமே இல்லை’, ‘அது முந்தைய நிர்வாகத்தின் காலம்’, ‘அந்த விதி எங்கள் தொழிலுக்குப் பொருந்தும் என்று நினைக்கவில்லை’. ஒவ்வொன்றும் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் ஓடும், எந்தக் காகிதத்தில் தடுக்கி விழும் என்பதைக் கொடைக்கானல் ஆலையை வைத்துப் பார்க்கிறோம்.

முதலில் அந்த ‘நடைமுறை’. உடைசலை வெளியே விற்கக்கூடாது என்று கம்பெனியில் எழுதிய நடைமுறை இருந்தது என்றால், ஏன் விற்கக்கூடாது என்று யாரோ யோசித்துத்தான் அதை எழுதியிருக்க வேண்டும். நடைமுறை இருந்தது என்று சொன்ன கணமே அறியாமை போய்விடுகிறது. மிச்சமிருக்கும் கேள்வி ஒன்றுதான்: அதை நடத்திக் காட்ட ஆள், பூட்டு, பதிவேடு வைத்தார்களா? சட்டம் அதற்கு வைத்திருக்கும் பெயர் கவனக்குறைவு. தற்காப்பு என்று கொண்டுவந்தது பாதி ஒப்புதலாக மாறுவது இப்படித்தான்.

சாக்குக்குள் எவ்வளவு?

நிறுவனத்தின் சொந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எதிர்த்தரப்பு எண்ணை மறுத்துக்கொண்டிருப்பதைவிட அவர்கள் எண்ணாலேயே கணக்குப் போடுவது நல்லது. 0.15 சதவீதம் என்றால் ஒரு கிலோ உடைசலில் ஒன்றரை கிராம் பாதரசம். ஐம்பது கிலோ சாக்கு ஒன்றில் 75 கிராம். ஒரு காய்ச்சல் தெர்மாமீட்டரில் இருப்பது ஏறக்குறைய அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை. 5.3 டன்னுக்குப் பெருக்கினால் 7.95 கிலோ. பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம் என்பதால் இந்த எட்டு கிலோவும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குச் சற்று மேலே, 590 மில்லியில், அடங்கிவிடும். ‘இத்தூண்டுக்கா இவ்வளவு கூச்சல்’ என்று கேட்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

அபாயக் கழிவுகள் (மேலாண்மை மற்றும் கையாளுதல்) விதிகள் 1989 ஜூலை 28இல் வந்தன. அதன் அட்டவணையில் பாதரசம், ஆர்சனிக், தாலியம், காட்மியம் கலந்த கழிவு தனி வகை. வரம்பு, தூய உலோகமாகக் கணக்கிட்டு ஆண்டுக்கு ஐந்து கிலோ. அதைத் தாண்டினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் இல்லாத ஆளிடம் கழிவு போகக்கூடாது. நிறுவனம் ஒப்புக்கொண்ட சரக்கில் மட்டுமே எட்டு கிலோ பாதரசம். அந்த 5.3 டன் ஒரே ஆண்டில் சேர்ந்ததா, பல ஆண்டுகளில் சேர்ந்ததா என்று வாதாட இடம் இருந்தது, உண்மைதான். ஆனால் 2000 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்டபோது ஆண்டு எடை வரம்பு போய்ச் செறிவு வரம்பு வந்தது. பாதரசத்துக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம். உடைசலில் இருந்தது 1,500 மில்லிகிராம். முப்பது மடங்கு. ‘பொருந்தும் என்று நினைக்கவில்லை’ என்பது இங்கே எடுபடாது.

தொழில்நுட்பம் தெரியாத ஒருவருக்கு உடைசல் வெறும் கண்ணாடியாகத் தெரியலாம். தெர்மாமீட்டர் செய்பவருக்கு அப்படித் தெரியாது. குழாயை இழுத்து, குமிழ் ஊதி, காற்றை உறிஞ்சி, பாதரசம் நிரப்பி, சூடுகாட்டி மிச்சத்தை வெளியேற்றி, முனையை மூடும் வரிசையில் ஒவ்வொரு கட்டத்திலும் உடையும். நிரப்புவதற்கு முன் உடைந்தது சுத்தக் கண்ணாடி, நிரப்பிய பின் உடைந்தது அபாயக் கழிவு. இரண்டும் ஒரே தொட்டியில் விழுந்தால் மொத்தமும் கெட்டது. வழக்கமான முறை, இரண்டையும் தனித்தனியாகச் சேர்த்து, பாதரசம் பட்டதை நொறுக்கி, 357 டிகிரி செல்சியஸ் கொதிநிலைக்குமேல் சூடாக்கி, ஆவியைக் குளிர்வித்துப் பாதரசத்தைத் திரும்பப் பிடிப்பது. எரிபொருள் செலவும் ஆள் செலவும் அதிகம். காயலான் கடைக்காரரோ காசு கொடுத்து எடுத்துக்கொண்டு போவார். நடைமுறை எங்கே உடையும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

இயந்திரத்தோடு வந்த அறிவு

ஆலை இங்கே பிறந்ததல்ல. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் வாட்டர்டவுனில் சீஸ்பரோ பாண்ட்ஸ் நடத்திய தெர்மாமீட்டர் ஆலையின் இயந்திரங்கள் 1983 வாக்கில் கொடைக்கானலுக்கு வந்தன. பாதரசமும் கண்ணாடியும் வெளிநாட்டிலிருந்து வந்தன, செய்த தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்கே போனது. மலையில் தங்கியது உடைசலும் ஆவியும். எண்பதுகளின் பிற்பகுதியில் சீஸ்பரோ பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. 1998இல், ஆலையை இங்கே நடத்திவந்த பாண்ட்ஸ் இந்தியா, இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது.

இந்த வரலாற்றில் இரண்டு பங்காளிகள் விழுந்துவிடுகிறார்கள். ‘முந்தைய நிர்வாகம்’ என்ற வாதம் இணைப்புத் திட்டத்தில் முடிந்துபோகும். நீதிமன்றம் அனுமதிக்கும் இணைப்புத் திட்டங்களில் சொத்தோடு கடனும் பொறுப்பும் வழக்குகளும் சேர்ந்தே மாறும் என்ற வாசகம் கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும். வழக்குப் போடுகிறவர்கள் முதலில் தேட வேண்டிய காகிதங்களில் அந்த ஆணையும் ஒன்று. கம்பெனிப் பதிவாளரிடம் நகல் கிடைக்கும். பலர் அதைத் தேடுவதில்லை, பத்திரிகைச் செய்தியோடு நின்றுவிடுகிறார்கள்.

‘தொடங்கியபோது சட்டம் இல்லை’ என்பது பாதி உண்மை. 1983இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் கிடையாது. போபாலுக்குப் பிறகு 1986இல்தான் அது வந்தது. அபாயக் கழிவு விதி 1989. ஆனால் தண்ணீர்ச் சட்டம் 1974இலும், காற்றுச் சட்டம் 1981இலும், தொழிற்சாலைகள் சட்டம் 1948இலும் இருந்தன. ஆலை ஓடிய ஆண்டுகளில் புதிய சட்டம் வந்தால் வந்த நாளிலிருந்து பிடிக்கும். ஆலை நடத்த வாரியம் தரும் இசைவாணையைப் புதுப்பிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் புதிய சட்டம் வாசலிலேயே நிற்கும்.

பாதரசம் ஆபத்தானது என்பது சட்டம் பற்றிய அறிவே அல்ல, பொருள் பற்றிய அறிவு. இருபது டிகிரி வெப்பத்தில் மூடிய அறையில் பாதரசம் திறந்து கிடந்தால் காற்று ஒரு கன மீட்டருக்கு 13 மில்லிகிராம்வரை அதன் ஆவியை ஏற்கும். தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை அனுமதித்தது 0.05 மில்லிகிராம். இருநூற்றைம்பது மடங்குக்கு மேல் இடைவெளி. குளிருக்கு ஜன்னலைச் சாத்தி வைக்கும் மலை ஊரில் இது என்ன ஆகும் என்பது வாட்டர்டவுனில் ஆலை நடத்தியவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டிய விஷயமல்ல.

சட்டம் எதை மன்னிக்கும்

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 76, 79 ஆகிய பிரிவுகள், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 14, 17. இரண்டும் ஒரே கோட்டைப் போடுகின்றன: விவரம் பற்றிய தவறான நம்பிக்கைக்கு மன்னிப்பு உண்டு, சட்டம் பற்றிய தவறான நம்பிக்கைக்கு இல்லை.

இந்தக் கோடு எவ்வளவு கடினமானது என்பதற்குச் சட்டக் கல்லூரிகளில் சொல்லும் வழக்கு மேயர் ஹான்ஸ் ஜார்ஜ். வெளிநாட்டுக்காரர். 1962 நவம்பர் 27இல் சூரிச்சிலிருந்து மணிலாவுக்குக் கிளம்பி, மறுநாள் விமானம் பம்பாயில் நின்றபோது, மேல்சட்டை அறைகளில் 34 கிலோ தங்கத்தோடு பிடிபட்டார். இந்தியா வழியாக வேறு நாட்டுக்குப் போகும் தங்கத்தையும் விமானத்தின் சரக்குப் பட்டியலில் காட்ட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி அறிவிப்பு இந்திய அரசிதழில் வந்தது நவம்பர் 24. மூன்று நாளில் சூரிச்சில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? உச்ச நீதிமன்றம் 1964இல் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த வாதத்தைத் தள்ளியது. நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். தனி ஆளுக்கே இந்தக் கதி என்றால் சட்டப் பிரிவே தனியாக வைத்திருக்கும் கம்பெனி என்ன சொல்ல முடியும் என்று தோன்றும்.

ஆனால் கம்பெனி வக்கீல்கள் கையில் வேறு தீர்ப்புகள் இருக்கின்றன, அவற்றைத் தெரியாமல் போய் நிற்கக் கூடாது. 1951இல் ஹர்லா வழக்கு: ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அபினிச் சட்டம் முறையாக வெளியிடப்படவே இல்லை, மக்கள் அறிய வழியில்லாத சட்டத்தால் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பு. ஆகவே அரசிதழ்த் தேதியை நாம் கையில் வைத்திருக்க வேண்டும். 1969இல் இந்துஸ்தான் ஸ்டீல் வழக்கு: ரூர்கேலாவில் ஆலை கட்டும்போது ஒப்பந்தக்காரர்களுக்குப் பொருள் கொடுத்த கம்பெனி விற்பனை வரிக்குப் பதிவு செய்யவில்லை. தனக்குப் பொருந்தாது என்று நேர்மையாக நம்பியவர்மீது அபராதம் வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘நல்லெண்ணத்தில் நம்பினோம்’ என்ற வாதத்தின் தாய்வீடு இதுதான். பதிலுக்கு 2006ஆம் ஆண்டின் ஸ்ரீராம் மியூச்சுவல் ஃபண்ட் தீர்ப்பை வைக்க வேண்டும். சட்டக் கடமையை மீறியதற்கான அபராதத்துக்கு மனநிலையை நிரூபிக்கத் தேவையில்லை என்பது அதன் சாரம்.

மூன்றாவதுதான் சுவையானது. மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை, 1978 டிசம்பர். உத்தரப் பிரதேச அரசு வனஸ்பதி ஆலைக்கு மூன்று ஆண்டு வரிவிலக்கு என்று வாக்களித்துப் பின்வாங்கியது. உங்கள் உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று அரசு வாதிட்டபோது, எல்லோருக்கும் எல்லாச் சட்டமும் தெரியும் என்று அனுமானிக்கச் சட்டத்தில் இடமில்லை, தெரியாதது மன்னிப்பாகாது என்பது மட்டுமே விதி என்று நீதிபதி பகவதி எழுதினார். உரிமை இருப்பது தெரியாமல் அதை விட்டுக்கொடுக்க முடியாது என்பதால் ஆலை வென்றது. கம்பெனிகள் இதை மேற்கோள் காட்டும்போது முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டாம் பாதியையும் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

கம்பெனிக்கு மனசே இல்லை, அதற்கு எப்படித் ‘தெரியும்’ என்ற பழைய வாதத்துக்கு இப்போது உயிரில்லை. 2005இல் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி வழக்கில், சிறைத் தண்டனை கட்டாயமான குற்றத்துக்கும் கம்பெனிமீது வழக்குத் தொடரலாம், அபராதம் விதிக்கலாம் என்று அரசியல் சாசன அமர்வு முடிவு செய்தது. 2010இல் இரிடியம் வழக்கில், கம்பெனியை நடத்துகிறவர்களின் எண்ணமே கம்பெனியின் எண்ணம் என்றது உச்ச நீதிமன்றம்.

விவரம் பற்றிய வாதத்துக்குக் காது கொடுத்ததற்கு நீலகிரியிலிருந்து ஒரு எதிர் உதாரணம். சீகூர் பீடபூமி யானை வழித்தடத்தை 2010 ஆகஸ்டு 31ஆம் தேதி அரசாணை அறிவித்தது. விடுதிக்காரர்கள் எதிர்த்துப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலிலும் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14இலும் அரசாணையைக் காப்பாற்றின. ஆனால் தனித்தனி நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு ஒன்றை உச்ச நீதிமன்றம் அமைத்தது. ‘என் சர்வே எண் வழித்தடத்துக்குள் இல்லை’ என்பது விவரம் பற்றிய பேச்சு, அதைக் கேட்க ஆள் போட்டார்கள். ‘வழித்தடத்தில் கட்டக்கூடாது என்று தெரியாது’ என்று ஒருவர் போய் நின்றிருந்தால் நாற்காலிகூடக் கிடைத்திருக்காது.

மேலிடத்துக்குத் தெரியாது

இந்த வாதத்துக்குச் சட்டமே ஒரு கதவு வைத்திருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 16ஆம் பிரிவு, அது எழுதப்பட்ட வடிவில், கம்பெனி குற்றம் செய்தால் அப்போது பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளி என்றது. கூடவே ஒரு விலக்கு: தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்கத் தேவையான எல்லா முயற்சியும் எடுத்ததாகவோ அவர் நிரூபித்தால் தப்பலாம்.

இதைப் படிப்பவர்கள் அடிக்கடி தவறவிடும் விஷயம், விலக்கு அந்தத் தனி மனிதருக்குத்தான், கம்பெனிக்கு அல்ல. மேலாளர் தப்பினாலும் கம்பெனி குற்றவாளிக் கூண்டிலேயே நிற்கும். நிரூபிக்கும் சுமையும் அவர்மேல். இரண்டாம் உட்பிரிவு இன்னும் கூர்மை: இயக்குநரின் சம்மதத்தாலோ கண்டும் காணாமல் விட்டதாலோ கவனக்குறைவாலோ நடந்தது என்று வழக்குத் தொடுப்பவர் காட்டினால் அவரும் சேர்த்துப் பிடிபடுவார். புகார் எழுதும்போது ‘கம்பெனி’ என்று மட்டும் எழுதுவதும், இயக்குநர்கள் எல்லோர் பெயரையும் வரிசையாக அடுக்கிவிடுவதும் ஒரே மாதிரியான தவறு. அந்தத் தேதியில் எந்தப் பொறுப்பில் யார் இருந்தார், அதை எந்த ஆவணம் காட்டுகிறது என்று ஆளுக்கு ஒரு வரி வேண்டும். இல்லாவிட்டால் முதல் சுற்றிலேயே உயர் நீதிமன்றம் பெயர்களை அடித்துவிடும்.

தண்டனையும் மாறிவிட்டது. முன்பு ஐந்து ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம். ஜன் விஸ்வாஸ் சட்டத்தின் திருத்தம் 2024 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபின் 15ஆம் பிரிவில் சிறை போய்ப் பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய்வரை அபராதம் வந்தது. அதை விதிப்பது நீதிமன்றம் அல்ல, அரசு நியமிக்கும் அதிகாரி. பெரிய கம்பெனிக்குப் பதினைந்து லட்சம் என்பது விளம்பரச் செலவில் ஒரு நாள்கூட இராது. இந்தத் திருத்தம் நல்லதற்கு என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

கையெழுத்து இருக்கும் காகிதங்கள்

ஒருவர் மனதில் என்ன இருந்தது என்று தேடுவதைவிட அவர் எங்கே கையெழுத்துப் போட்டார் என்று தேடலாம். ஆலை நடத்துபவர் ஆண்டுதோறும் கையெழுத்துப் போட்டே தீர வேண்டிய காகிதங்கள் உண்டு. அதிகம் யாரும் கேட்காத ஒன்று படிவம் 5, சுற்றுச்சூழல் அறிக்கை. 1993 முதல், செப்டம்பர் 30க்குள் வாரியத்திடம் கொடுக்க வேண்டும். ஒரு அலகு உற்பத்திக்கு எவ்வளவு மூலப்பொருள் செலவானது, எவ்வளவு அபாயக் கழிவு வந்தது, அது எங்கே போனது என்று அதில் தனித்தனிப் பகுதி. கழிவுப் பகுதியை நிரப்பியிருந்தால் தெரியும் என்று அர்த்தம். ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் கொள்முதல் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும்: வாங்கிய பாதரசத்தில் ஏற்றுமதியான தெர்மாமீட்டர்களுக்குள் போனதையும் இருப்பையும் கழித்தால் மிச்சம் எங்கே? பாதரசம் காணாமல் போவதில்லை, கண்ணாடியிலோ மண்ணிலோ காற்றிலோ இருக்கும். கொடைக்கானலில் பாசிகளிலும் ஏரியிலும் பாதரசம் இருப்பதை மத்திய அரசு ஆய்வகத்தார் அளந்தே காட்டினார்கள்.

இப்போது ஓடும் ஆலை என்றால் 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் படிவங்கள்: அங்கீகார விண்ணப்பம் படிவம் 1, அன்றாடப் பதிவு படிவம் 3, ஜூன் 30க்குள் ஆண்டறிக்கை படிவம் 4, லாரியோடு போகும் சரக்குச் சீட்டு படிவம் 10. சரக்குச் சீட்டுக்கு ஏழு நகல். ஆண்டறிக்கையில் அனுப்பியதாகக் காட்டிய எடையையும் சீட்டுகளின் கூட்டலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாத ஆண்டில்தான் காயலான் கடை இருக்கும்.

கம்பெனி என்றால் இன்னொரு கையெழுத்தும் உண்டு. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 134(5) பிரிவு: பொருந்தும் எல்லாச் சட்டங்களும் பின்பற்றப்படுவதை உறுதிசெய்யத் தக்க ஏற்பாடுகள் செய்திருப்பதாகவும் அவை நன்றாக இயங்குவதாகவும் இயக்குநர்கள் ஆண்டறிக்கையில் உறுதி சொல்ல வேண்டும். பங்குதாரரிடம் ‘எல்லாம் சரியாக நடக்கிறது’ என்று எழுதிவிட்டு நீதிபதியிடம் ‘தெரியாது’ என்று சொல்ல வருபவருக்கு இந்தப் பக்கத்தை நீட்டலாம். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் அதன் இணையதளத்திலேயே கிடக்கும், ஒரு ரூபாய் செலவில்லை.

மற்றவற்றுக்குத் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வாரியத்தின் மாவட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். முப்பது நாள். பதில் இல்லையென்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘வணிக ரகசியம்’ என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். கழிவின் அளவு வணிக ரகசியமல்ல, பொதுநலன் மேலானது என்று அதே பிரிவின் கடைசி வரியைக் காட்டிப் பதில் எழுத வேண்டும். ‘எல்லா ஆவணங்களும் தருக’ என்று கேட்டால் ஒன்றும் வராது. ஆலைப் பெயர், ஆண்டு, படிவ எண் மூன்றையும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

சாக்கை யார் தொடலாம்

கொடைக்கானல் மாதிரி ஒரு குவியல் கண்ணில் பட்டால் கை பரபரக்கும், ஒரு பையில் அள்ளிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடத் தோன்றும். செய்தி போட அது உதவும், தண்டனை வாங்கித் தராது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் அறிவிப்புக் கொடுத்து, இடத்துக்காரர் முன்னிலையில் மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட்டு, தாமதமின்றி அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த வரிசை தவறினால் முடிவைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஆகவே செய்ய வேண்டியது, தொடாமல் படம் எடுப்பது, எடை தெரிந்தால் குறிப்பது, அன்றே வாரியத்துக்கும் கோட்டாட்சியருக்கும் எழுத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குவது. உடைசலில் பாதரசம் ஒரே சீராக இருக்காது. ஒரு துண்டில் துளி நிற்கும், பக்கத்துத் துண்டு வெறுமையாக இருக்கும். குவியலின் மேல், நடு, அடி என்று பல இடங்களில் எடுத்துக் கலந்தால்தான் சராசரி நிற்கும் என்பதை எடுக்க வரும் அலுவலரிடம் அங்கேயே சொல்ல வேண்டும். மேலாக ஒரு கைப்பிடி எடுத்துப்போய் ‘வரம்புக்குள்’ என்று வந்துவிட்டால் அதைத் திருப்புவது பெரும்பாடு.

எங்கே போவது என்பதில் எங்கள் கருத்து தெளிவு. அறிவை நிரூபிக்கத் தேவையில்லாத மன்றத்துக்கு முதலில் போக வேண்டும். 1986 டிசம்பரில், டெல்லி ஆலை ஒன்றிலிருந்து கசிந்த ஓலியம் வாயு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முழுப் பொறுப்புக் கோட்பாட்டில் ‘தெரியாது’ என்ற வாதத்துக்கு இடமே இல்லை: ஆபத்தான தொழில் நடத்தினால் அதனால் வந்த கேட்டுக்குப் பொறுப்பு, அவ்வளவுதான். 1996இல் வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் மாசுபடுத்தியவரே செலவு ஏற்க வேண்டும் என்றது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் காரணம் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் போகலாம். மற்றக் கோரிக்கைகளுக்கு ஆறு மாதம்தான். இரண்டிலும் தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அறுபது நாள் கூடுதல். அறிவைக் காட்டும் காகிதங்களை அங்கேயும் கொடுக்கலாம், தொகையை உயர்த்த உதவும். அவற்றையே நம்பி வழக்கை நடத்தக் கூடாது.

கொடைக்கானலில் நடந்தது மெதுவாக நடந்தது. 2003 மே மாதம் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு மறுசுழற்சிக்குக் கப்பலேறியது. இங்கே சேர்ந்த கழிவு, இயந்திரம் வந்த வழியே திரும்பிப் போனது என்பதில் ஒரு கசப்பான நியாயம் இருந்தது. முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் உயர் நீதிமன்றம் போனார்கள். உடல்நலக் கேடு எதுவும் ஏற்படவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் குடும்பங்களோடும் மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி உடன்படிக்கை போட்டது. ஆலை மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவுக்குச் சுத்தம் செய்தால் போதுமா என்ற சண்டை தனியாகப் பல ஆண்டு ஓடியது. பாம்பார் கும்பக்கரை அருவி வழியாக வைகைப் படுகைக்கு இறங்குகிறது என்பதால் பெரியகுளத்துக்காரர்களுக்கும் அந்த எண்ணில் பங்கு உண்டு.

உண்மையிலேயே தெரியாதவர்கள்

இந்த வழக்கில் நிஜமாகவே தெரியாதவர்கள் இருந்தார்கள் என்றால் அது சாக்கைப் பிரித்துக் கண்ணாடியைப் பொறுக்கும் கூலியாட்களும், பாதரசத்தைக் கையால் தொட்டு வேலை செய்தவர்களும்தான். அவர்களின் அறியாமை விவரம் பற்றியது, சட்டம் பற்றியதல்ல. அவர்களுக்குச் சொல்லும் கடமை சட்டத்தில் இருந்தது. 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 41பி பிரிவு, அபாயகரமான தொழிலில் என்னென்ன ஆபத்து என்று தொழிலாளருக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் உள்ளாட்சிக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லச் சொன்னது. 41சி, வேலைக்கு முன்பும், வேலையின்போதும், விலகிய பின்பும் பன்னிரண்டு மாதத்துக்கு மிகாத இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை என்றது. கண்ணாடி, பீங்கான் தொழில் முதல் அட்டவணையில் இருந்தது. தெர்மாமீட்டர் அதில் சேராது என்று யாராவது வாதிட்டால் 111ஏ பிரிவு எல்லா ஆலைக்கும் பொதுவாக, உடல்நலம் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளருக்குத் தந்தது.

இதனால் தொழிலாளரின் வாக்குமூலம் எழுதும்போது ‘எனக்குக் கைகால் நடுங்குகிறது’ என்று தொடங்குவது போதாது. உடலில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மாதம்தான் ஆகும். வேலையை விட்டு ஓராண்டு கழித்து எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் அறுபதில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதைக் காட்டி ‘ஒன்றும் இல்லை’ என்பார்கள். ஆலை ஓடிய காலத்தில் ஆலையே எடுத்த பரிசோதனைப் பதிவேடுதான் வேண்டும், அது யார் கையில் இருக்கிறது என்பது முதல் கேள்வி. வாக்குமூலத்தில் எழுத வேண்டியவை: எந்தப் பிரிவில், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, பாதரசத்தைப் பற்றித் தமிழில் எழுதிய தாள் எதுவும் கொடுத்தார்களா, சிறுநீர் எடுத்தார்களா, எத்தனை முறை, முடிவின் நகல் கையில் தந்தார்களா, முடிவு வந்தபின் பிரிவு மாற்றினார்களா, மாற்றினால் காரணம் சொன்னார்களா, வேலை உடுப்பை ஆலையில் துவைத்தார்களா, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்களா. கடைசிக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். வீட்டில் துவைத்த கையின் பெயரும் மனுவில் வர வேண்டும்.